கடுகு தூங்கிய மத்தியானம்

கடுகு மெத்தைக் கடையில் படுத்துத் தூங்கிய அன்றைக்குக் கடைத்தெரு முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. சரக்கு வண்டிக்காரர்கள் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைத் தோளால் தள்ளிக்கொண்டு போனார்கள். பாத்திரக் கடையில் கை நழுவி விழுந்த அண்டா, விழுந்த சத்தத்தை வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. மேகத்துக்குள் தயாராக இருந்த இடி, இங்கே வேண்டாம் என்று பக்கத்து ஊருக்குப் போய் இடித்துவிட்டுத் திரும்பி வந்தது. யாரும் நம்ப வேண்டியதில்லை. நம்பாமல் இருப்பதையே ஒரு வாழ்நாள் உத்தியோகமாகப் பார்த்த பெரிய மனுஷி ஒருத்தி கடுகின் வீட்டிலேயே இருந்தாள். அவளுக்கு அப்புறம்தான் மற்றவர்கள்.

கடுகு என்பது சலவைக்கூடத்தில் வைத்த பெயர். எண்ணெய் காய்வதற்கு முன்னாலேயே வெடிப்பவள் என்று அர்த்தம். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் தங்கும் விடுதிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, காயவைத்து, மடித்து அனுப்பும் கூடம் அது. இயந்திரத்தின் வாயைத் திறந்தால் ஈர விரிப்புகள் ஒன்றை ஒன்று முறுக்கிக்கொண்டு, மலைப்பாம்பை மலைப்பாம்பு விழுங்கியதுபோல் கிடக்கும். பிடித்து இழுக்க வேண்டும். பிரித்து, இரண்டு முனையை எதிரே நிற்பவளிடம் கொடுத்து, உதறி, ஆவி பறக்கும் உருளைக்குள் விட வேண்டும். பார்ப்பவர்களுக்கு இழுப்பது கை என்று தோன்றும். இழுப்பது இடுப்பு. ஊரிலுள்ள நோயாளிகளும் புதுமாப்பிள்ளைகளும் சுருக்கமில்லாத விரிப்பில் படுப்பதற்கு அவள் இடுப்பு பொறுப்பேற்றிருந்தது. ஒரு நாள் அது பொறுப்பை ராஜினாமா செய்தது.

அன்றிலிருந்து வலி அவளோடு குடியிருந்தது. இடுப்பில் ஆரம்பித்து, தொடையின் பின்பக்கமாக இறங்கி, குதிகாலில் வந்து கொதிக்கும் ஒரு கம்பி. நின்றால் ஒரு மாதிரி, உட்கார்ந்தால் ஒரு மாதிரி, படுத்தால் எல்லா மாதிரியும். மருந்து உண்டு, பயிற்சி உண்டு, மருந்து வயிற்றைக் கெடுக்கும்போது அதற்கு ஒரு மருந்தும் உண்டு. தூக்கம்தான் இல்லை.

தூங்காதவளுக்கு வருகிற கோபம் தனி ரகம். குழாயைச் சரியாக மூடாதவன் மேல் கோபம். "எப்படி இருக்கே?" என்று கேட்பவர்கள் மேல் கோபம். கேட்காதவர்கள் மேல் அதைவிடக் கோபம். எல்லாவற்றுக்கும் மேலாக, "கெட்டியான இடத்துல படு, சரியாயிடும்" என்று சொல்கிறவர்கள் மேல் வந்த கோபத்தில் ஒரு கெண்டித் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். டாக்டர் சொன்னார். டீக்கடைக்காரர் சொன்னார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த, இன்னார் என்றே தெரியாத ஒரு அம்மாள், இறங்கும் அவசரத்தில் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு சொன்னாள். சொன்ன ஒருவரும் கெட்டியான இடத்தில் படுக்கவில்லை.

அவள் புருஷன் தச்சன். சொல்வதோடு நிறுத்துகிற ஆள் இல்லை. நல்ல தேக்கு வாங்கி, இழைத்து இழைத்துப் பட்டுப்போலாக்கி, பலகைக் கட்டில் ஒன்றைச் செய்து முடித்தான். யானை குடும்பத்தோடு வந்து படுத்தாலும் முனகாத கட்டில். ஆணி ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் பொருத்து வேலை. ரசமட்டத்தை நீளவாக்கிலும் குறுக்கிலும் வைத்துப் பார்த்தான். குமிழி நடுவில் வந்து நின்றது. அதைத் தெருவில் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினான். மேலே ஒரு போர்வை போதும் என்பது அவன் தீர்ப்பு. மெத்தை போடுவது மரத்தை அவமானப்படுத்துவது.

"மல்லாந்து படு," என்றான்.

"நான் என்னிக்கு மல்லாந்து படுத்திருக்கேன்? மல்லாந்தா உயிர் போகுது. ஒருக்களிச்சுத்தான் படுப்பேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"பழகிக்கணும். மரம் பாரு, எவ்வளவு மட்டமா இருக்கு."

"மரம் மட்டமா இருக்கு. நான் என்ன மரமா? தோள் ஒரு மேடு, இடுப்பு ஒரு மேடு, நடுவுல பள்ளம். மேடு ரெண்டும் பலகையில இடிக்குது, பள்ளம் அந்தரத்துல தொங்குது. ஒரு பக்கம் படுத்துப் பாருங்க, தெரியும்."

படுத்துப் பார்த்தான். படுத்த வேகத்தில் குறட்டை விட்டான். கடுகு பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குறட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலை வெட்டி அடுப்பில் வைக்கலாமா, ஆளையும் சேர்த்தா என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே சந்தேகம்.

இந்த வீட்டில் மூன்றாவது ஆள் அவன் அக்கா. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். விசில் என்று சொன்னால் ஊரில் எல்லாருக்கும் தெரியும். காலையில் எழுந்து குனிந்து பாதத்தைத் தொடுவாள்; பாதமே பயந்துபோய்க் கொஞ்சம் மேலே வரும். வெயில் நாளில் பிள்ளைகளை மைதானத்தில் ஓடவிட்டவள். "வயிறு வலிக்குது டீச்சர்," "கால் சுளுக்கிடுச்சு டீச்சர்" என்று மரத்தடியில் ஒதுங்கியவர்களை நாளெல்லாம் பார்த்தவள். மயங்கி விழுந்த பிள்ளையைக்கூடச் சோதித்துவிட்டுத்தான் தண்ணீர் தெளிப்பாள். சோதனை இதுதான்: விழுந்து கிடப்பவளின் கையை முகத்துக்கு நேரே தூக்கிச் சட்டென்று விட வேண்டும். உண்மை மயக்கம் என்றால் கை தொப்பென்று மூக்கின்மேல் விழும். நடிப்பு என்றால் மூக்கை விட்டு நாசூக்காக விலகி விழும். இந்தச் சோதனையில் தான் தோற்றதே இல்லை என்பாள்.

கடுகின் வலியைப் பற்றியும் அவளிடம் ஒரே வார்த்தைதான். "நம்ப மாட்டேன்."

வானம் மூடிக்கொண்டு, சட்டை முதுகில் ஒட்டிக்கொண்ட ஒரு நாள், சலவைக்கூடத்துக்கு லீவு. கடுகு முட்டையை உரித்துத் தட்டில் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"இன்னிக்கு மெத்தை வாங்கப் போறேன். என் சம்பளத்துல."

தச்சன் சோற்றிலிருந்து கையை எடுத்தான். "எதுக்கு?"

"தூங்கறதுக்கு."

"அந்தக் கட்டில்ல தூக்கம் வரலைன்னு சொன்னா ஊர் சிரிக்கும். எவ்வளவு பெரிய வேலை அது."

"வேலைய நான் குறை சொல்லல. பாக்கறதுக்கு வெச்சுக்கலாம். பூஜாடி வைக்கலாம்."

அவன் முகம் சுருங்கியது. தட்டைத் தள்ளிவிட்டு அக்காவிடம் திரும்பினான். "நீ கூடப் போ அக்கா. கடைக்காரன் இவள ஏமாத்துவான். இவ நம்மள ஏமாத்துவா. உன்ன ஏமாத்த ஆள் பொறக்கல."

"போறேன்," என்றாள் விசில். "எந்த மெத்தையிலயும் வலி போகாது. இருந்தாத்தானே போகும்."

கடுகு முட்டையைப் பாதியாகப் பிய்த்தாள். பிய்த்த விதத்தில் முட்டைக்குப் பதில் யார் இருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

கடைத்தெருவின் கோடியில் மெத்தைக் கடை. உள்ளே மெத்தைகள் பிளாஸ்டிக் உறைக்குள் வியர்த்துக்கொண்டு வரிசையாகக் கிடந்தன. சுவரில் ஒரு அட்டை: கையால் அமுக்கிப் பார்க்கவும், படுக்க அனுமதி இல்லை. முதலாளி அகலமான மனிதர். அவர் உட்கார்ந்து எழுந்த மெத்தையை மறுபடி மெத்தையாக்க ஒரு வாரம் ஆகும்.

"முதுகு வலியா? நீங்க சொல்லவே வேண்டாம், நடையிலயே தெரியுது," என்றபடி ஒரு மெத்தையை விரல் முட்டியால் கதவு தட்டுவதுபோல் தட்டிக் காட்டினார். உறையில் ஒரு முதுகெலும்புப் படம், சிரிக்காத குறை. "இதான் முதுகுக்குன்னே செஞ்சது. கல்லு மாதிரி இருக்கும்."

"கல்லு வேணும்னா வாசப்படியிலயே படுத்துக்குவேன். படுத்துப் பாக்கணும்."

"படுக்கறதா? அமுக்கிப் பாருங்கம்மா. எல்லாரும் அமுக்கித்தான் பாப்பாங்க."

"நான் என்ன உள்ளங்கையாலயா தூங்கறேன்?"

முதலாளி அட்டையைக் காட்டினார். கடுகு அட்டையைப் பார்த்தாள். கடை முழுக்கக் கேட்க ஆரம்பித்தாள்.

"செருப்புக் கடையில கால விட்டு நடந்து பாக்க விடறான். கண்ணாடிக் கடையில மூக்கு மேல வெச்சுப் பாக்க விடறான். தர்பூசணி விக்கிறவன்கூட ஒரு துண்டு வெட்டித் தரான். வருஷக் கணக்கா உடம்பப் போட்டுக் கெடக்கப்போற சாமானத் தொட்டுட்டு வாங்கிட்டுப் போகணுமா?"

"அதுக்கில்லம்மா. கடை நடுவுல ஒரு பொம்பள படுத்தா நாலு பேர் பாக்க நல்லாவா இருக்கும்?"

"நல்லா இருக்கவா வந்தேன்? வலிக்காம இருக்க வந்தேன். நாலு பேர் பாத்தா பாக்கட்டும். என் இடுப்ப இதுவரைக்கும் ஒருத்தரும் பாக்கல."

கடைசி வார்த்தைக்கு விசில் தொண்டையைக் கனைத்தாள். அதற்குள் கடுகு செருப்பைக் கழற்றியாயிற்று. முதுகெலும்புப் படத்தின் மேலேயே ஒருக்களித்துப் படுத்தாள். கண்ணை மூடவில்லை, எதிர்ச் சுவரோடு சண்டை போடுவதுபோல் முறைத்துக்கொண்டு கிடந்தாள். பிறகு எழுந்தாள். எழுவது அவளுக்கு ஒரு பெரிய காரியம்: புரள வேண்டும், கையை ஊன்ற வேண்டும், காலைத் தொங்கவிட வேண்டும், பல்லைக் கடிக்க வேண்டும்.

"எங்க வீட்டுப் பலகைக்குத் துணி போத்தின மாதிரி இருக்கு. அடுத்தது."

அடுத்தது வெண்ணெய்போல் இருந்தது. படுத்தவள் உள்ளே போனாள், போய்க்கொண்டே இருந்தாள். முதுகு வில்லாக வளைந்தது. கிணற்றில் விழுந்தவள்போல் உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: "கை குடுங்க."

விசில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "எழுந்திரு, எழுந்திரு. வயித்த உள்ள இழுத்து, ஒரே மூச்சுல."

கடுகு ஒரே மூச்சில் என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுத முடியாது. முதலாளிதான் கை கொடுத்தார். அடுத்த மெத்தைக்குள் இருந்த ஸ்பிரிங் ஒவ்வொன்றும் தன் சொந்தக் கதையைச் சொன்னது. அதற்கும் அடுத்தது பிளாஸ்டிக் அடுப்பு. வியர்வையில் அவள் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. கோபம் கழுத்துவரை ஏறியிருந்தது. வாசலில் வேடிக்கை பார்க்க நின்ற பாத்திரக் கடைக்காரரை ஒரு பார்வை பார்த்தாள். அந்த ஆள் தன் கடைக்குப் போய் விலையைக் குறைத்துவிட்டதாகப் பேச்சு.

ஜன்னலோரம், மற்றவை மறைத்த மாதிரி ஒன்று கிடந்தது.

"அது என்ன?"

"அது வேண்டாம்மா. சாதாரண மெத்தை. அடியில கொஞ்சம் உறுதியா இருக்கும், மேல ரெண்டு விரல் பருமனுக்கு மெது. முதுகு வலிக்காரங்களுக்கு நாங்க அதக் காட்டறதே இல்ல."

"ஏன்?"

முதலாளி யோசித்தார். "காட்டறதில்ல, அவ்வளவுதான்."

உறையைப் பிரிக்கச் சொன்னாள். தன் வழக்கமான பக்கத்துக்கு ஒருக்களித்துப் படுத்தாள். முட்டியை மடக்கினாள். ஒரு தலையணை கேட்டு வாங்கி முட்டிகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள். தோள் கொஞ்சம் இறங்கியது, இடுப்பு கொஞ்சம் இறங்கியது. இரண்டுக்கும் நடுவிலிருந்த பள்ளத்தில் கையை நுழைத்துப் பார்த்தாள், கை போகவில்லை. மெத்தை அங்கே வந்து தாங்கிக்கொண்டிருந்தது.

முதலாளி எதையோ சொல்ல ஆரம்பித்தார்.

"கொஞ்ச நேரம் பேசாதீங்க," என்றாள் கடுகு. சொல்லி முடிக்கும்போது 'தீங்க' பாதியாகத்தான் வந்தது.

"தூங்கிட்டாங்களா?" முதலாளிக்குக் கை கால் ஓடவில்லை. "எழுப்புங்கம்மா, வியாபார நேரம்."

"நடிப்பு," என்றாள் விசில். "இப்பப் பாருங்க."

அவள் மெத்தையோரம் போய்க் குனிந்தாள். கடுகின் கையை மணிக்கட்டில் பிடித்து, முகத்துக்கு நேரே தூக்கி, விட்டாள். கை தொப்பென்று மூக்கின்மேல் விழுந்தது. விழுந்த இடத்திலேயே கிடந்தது. மறுபடி தூக்கி விட்டாள். மறுபடியும் மூக்கு. மூன்றாவது தடவை தூக்கப் போனவள் தூக்கவில்லை.

அந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை. கல்யாணமாகி வந்த நாளில் பார்த்திருக்கலாம், அதுவும் நினைவில் இல்லை. புருவங்களுக்கு நடுவில் எப்போதும் நிற்கும் ஒரு கீறல், திமிர் என்று வீட்டில் எல்லாரும் முடிவு செய்திருந்த அந்தக் கீறல், அங்கே இல்லை. கடித்தபடியே இருக்கும் தாடை தளர்ந்து வாய் கொஞ்சம் திறந்திருந்தது. எப்போதும் மேஜை விளிம்பையோ நாற்காலிக் கையையோ பற்றிக்கொண்டே இருக்கும் விரல்கள், யாரிடமோ எதையோ கேட்பதுபோல் விரிந்து கிடந்தன. விசில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மைதானத்து மரத்தடி ஞாபகம் வந்தது. வெயிலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற முகங்கள் ஒன்றிரண்டும் வந்தன. அவர்களை ஒரு சுற்று கூடுதலாக ஓட வைத்ததும் வந்தது. அதை அவள் வரவேற்கவில்லை. அதுவாக வந்து உட்கார்ந்துகொண்டது.

"அம்மா, எழுப்புங்க," என்றார் முதலாளி.

விசில் உதட்டில் விரலை வைத்தாள். அவ்வளவுதான். ஒரு பள்ளிக்கூடத்தையே வரிசையில் நிற்க வைத்த விரல் அது. முதலாளி தன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நேராக நின்றார்.

அப்போது வாசலில் கடையின் சரக்கு வேன் வந்து நின்று, பின்பக்கமாக வருவதற்காகக் குய் குய் என்று கத்த ஆரம்பித்தது. விசில் எழுந்து வெளியே போனாள்.

"எஞ்சின நிறுத்து."

"ஏங்க?"

"ஆள் தூங்குது."

"நிறுத்திட்டா வண்டி எப்படிங்க உள்ள வரும்?"

"தள்ளு."

டிரைவர் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்தான். இறங்கினான். அவனும் சுமைக்காரர் இருவரும் தள்ளினார்கள், போதவில்லை. முதலாளியும் போய்த் தோள் கொடுத்தார். பின்னால் வந்த காய்கறி வண்டிக்காரன் ஹாரனில் கை வைத்தான். விசில் தெரு நடுவில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றாள். அவனும் அணைத்தான், அவனும் தள்ளினான். அவனுக்குப் பின்னால் வந்தவனும். மற்றபடி அண்டாவும் இடியும் என்ன செய்தன என்பது மேலே சொல்லியாயிற்று.

கடுகு தானாக விழித்தாள். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் ஒரு நொடி சிரித்துக்கூட வைத்தாள். காலைத் தரையில் ஊன்றினாள். புருவத்துக்கு நடுவில் அந்தக் கீறல் உடனே வந்து தன் இடத்தில் நின்றதை விசில் பார்த்தாள்.

"இத வண்டியில ஏத்துங்க," என்றாள் கடுகு. "என் மூக்கு ஏன் வலிக்குது?"

விசில் ஸ்டூலை எடுத்து ஓரமாக வைத்தாள்.

வேனின் பின்பக்கம் மெத்தையைச் சாய்த்து வைத்துவிட்டு இருவரும் பக்கவாட்டில் உட்கார்ந்தார்கள். மேகம் கையெட்டும் உயரத்தில் இருந்தது.

"நல்லாத் தூங்கினே," என்றாள் விசில்.

"தூங்கினதப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"தூங்காததப் பாக்கலையா? பக்கத்து ரூம்லதானே இருக்கீங்க. சுவத்தப் பிடிச்சுக்கிட்டு நடந்துக்கிட்டே இருப்பேனே, அது காதுல விழலையா?"

"காத்தாட நடக்கறேன்னு நெனச்சேன்."

"காத்தாட." கடுகு அந்த வார்த்தையை மென்று துப்பினாள். "வலிக்குது வலிக்குதுன்னு முழிச்சுக்கிட்டுச் சொன்னேன், நம்பல. வாயத் தொறக்காம பொணம் மாதிரி கெடந்தேன், இப்ப நம்பறீங்க. இது என்ன நியாயம் அக்கா?"

"நம்பறேன்னு நான் இன்னும் சொல்லல," என்றாள் விசில், பழக்க தோஷத்தில்.

"சொல்ல வேண்டாம். உங்க சர்டிபிகேட்ட வெச்சு நான் என்ன பண்ணப்போறேன்? ஒத்தடமா குடுக்க முடியும்?"

வீடு வரும்வரை அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். விசில் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வாசலில் தச்சன் நின்றிருந்தான். காதில் பென்சில், தலையில் மரத்தூள். சுமைக்காரர்கள் மெத்தையைத் தூக்கிக்கொண்டு வந்ததும் இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டு வழியை அடைத்தான். அந்த நிலையும் அவன் செய்ததுதான்.

"இது உள்ள வராது."

"நகருங்க," என்றாள் கடுகு. "மழை வருது."

"வரட்டும். நனையட்டும். என் கட்டில் மேல இந்தப் பஞ்சு மூட்டை ஏறக் கூடாது. எத்தன நாள் உக்காந்து இழைச்சேன் தெரியுமா? உனக்குன்னு தானேடி இழைச்சேன்?"

"எனக்குன்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். மரத்தக் கேட்டுச் செஞ்சீங்க."

"வலி வலின்னு சொல்லி இந்த வீட்டையே ஆட்டி வெக்கிறே."

"ஆமா, வெக்கிறேன். வலி என்னை ஆட்டுது, நான் உங்கள ஆட்டறேன். நகருங்கன்னா."

முதல் துளி பிளாஸ்டிக் உறைமேல் விழுந்தது. சுமைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உறையை ஒரு பக்கம் கடையிலேயே பிரித்திருந்தார்கள். கடுகு தன் முந்தானையை எடுத்து அந்தப் பக்கத்தின்மேல் போட்டாள். அதற்காகக் குனிந்தவள் நிமிர முடியாமல், மெத்தையின் ஓரத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"பாத்தியா, ஆரம்பிச்சாச்சு," என்றான் தச்சன். வேனுக்குப் பக்கத்தில் நின்ற அக்காவைத் தேடிப் பிடித்தான். "அக்கா, நீ சொல்லு. நீ சொன்னா நான் கேக்கறேன். இப்பத்தான் ஒருத்தன் பட்டறைக்கு வந்து சொல்லிட்டுப் போறான். இவ கடை நடுவுல படுத்துத் தூங்கினாளாம். தெருவே வாயப் பொத்திக்கிட்டு நின்னுச்சாம். எஞ்சின அணைச்சிட்டு வண்டியத் தள்ளிக்கிட்டுப் போனாங்களாம். கேக்கறவன் கேனையனா இருந்தா என்ன வேணா சொல்லலாம். எல்லாம் நடிப்புதானே?"

விசில் தம்பியைப் பார்த்தாள். மெத்தையைப் பிடித்துக்கொண்டு குனிந்தே நின்ற கடுகைப் பார்த்தாள். கடுகு தலையைத் திருப்பவில்லை. எந்தப் பதிலையும் அவள் எதிர்பார்க்கவில்லை.

விசில் நடந்து வந்து, மெத்தையின் நனைந்த பக்கத்துக்கு அடியில் தன் தோளைக் கொடுத்தாள்.

"நடிப்புன்னுதான் கைய ரெண்டு தடவை தூக்கி விட்டேன். ரெண்டு தடவையும் மூக்கு மேலதான் விழுந்துச்சு."

"அக்கா..."

"அவளுக்கு வலி இருக்குடா. அது போனா அவ மூஞ்சி எப்படி இருக்கும்னு இன்னிக்குத்தான் பாத்தேன். நீயும் பாத்ததில்ல." அவள் தோளை நிமிர்த்தினாள். "தூங்கினா. தெரு நின்னுச்சு. வண்டியத் தள்ளினாங்க, தள்ளச் சொன்னதே நான்தான். எல்லாம் நடந்துச்சு. வழிய விடு."